ஓர் அடி வாலும் ஓர் ஐயனார் காடும்

புதுக்கோட்டை மாவட்டத்தைப் பெரும்பாலோருக்கு பஸ் ஜன்னல் வழியாகத்தான் தெரியும். திருச்சியிலிருந்து காரைக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போகிறவர்கள், கீரனூர் தாண்டியதும் தூக்கம் கலைந்து, 'என்னப்பா இது, யானைக் கூட்டம் படுத்திருக்கிற மாதிரி பாறையா இருக்கு!' என்று ஒரு தடவை ஆச்சரியப்பட்டுவிட்டு, பக்கத்து ஸீட்காரர் தோளில் மறுபடி சாய்ந்து விடுவார்கள்.

அந்த யானைக் கூட்டத்துக்குப் பெயர் நார்த்தாமலை. ஆஞ்சநேயர் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது சிதறி விழுந்த துண்டுகள் என்று ஊரில் சொல்வார்கள். அதில் மேலமலை என்கிற பாறை மீது, ஒன்பதாம் நூற்றாண்டு விஜயாலய சோழீஸ்வரம் கோயில் ஒன்றுமே நடக்காத மாதிரி அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. கொஞ்ச தூரத்தில் சித்தன்னவாசல். சமணர்கள் குகையின் கூரையில் ஒரு தாமரைக் குளத்தையே வரைந்து வைத்துவிட்டுப் போனார்கள். குளத்தில் மீன், யானை, எருமை, பறவைகள் எல்லாம் உண்டு. மாவட்டத்தின் இன்னொரு மூலையில் விராலிமலை. அங்கே முருகனுக்கு வாகனப் பஞ்சமே கிடையாது. காட்டு மயில்கள் தெருவில் திரியும்.

இதையெல்லாம் சுற்றுலாத் துறை பலகை வைத்துச் சொல்கிறது. பலகை இல்லாத ஒரு விருந்தாளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வருவார். மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடுவார். டிக்கெட், லக்கேஜ் எதுவும் கிடையாது. வால் மட்டும் உண்டு.

வால் என்றால் சும்மா வால் இல்லை. உங்கள் ஆபீஸ் மேஜையில் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் இருக்கிறதா? அதைக் கையில் எடுங்கள். ஒரு புல்புல் (அதுதான், கொண்டைக்குருவி) சைஸ் பறவைக்குப் பின்னால், ரிப்பன் மாதிரி மெலிந்த இரண்டு இறகுகள், ஏறக்குறைய அந்த ஸ்கேல் நீளத்துக்குத் தொங்குகின்றன என்று கற்பனை பண்ணிக் கொள்ளுங்கள். மொத்தப் பறவையின் எடை இருபது கிராம் சுமாருக்குத்தான். அவ்வளவு மிளகு கேட்டால் மளிகைக் கடைக்காரர் நம்மை முறைப்பார்.

தமிழில் இதற்கு அரசவால் ஈப்பிடிப்பான் என்று பெயர். வேதிவால் குருவி என்றும் சொல்கிறார்கள். ஆணுக்குத் தலை பளபளவென்று கருநீலக் கறுப்பு. மேலே ஒரு கொண்டை. கண்ணைச் சுற்றி நீல வளையம், யாரோ ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்ட மாதிரி. உடம்பு முழுக்க தும்பைப்பூ வெள்ளை. பறக்கும்போது வால் பின்னாலேயே நெளிந்து நெளிந்து வரும். காற்றில் விட்ட வெள்ளை நாடா ஒன்று மரத்துக்கு மரம் தாவுவது போலிருக்கும்.

இங்கே ஒரு குழப்பம். ஆண்களில் வெள்ளையும் உண்டு, செம்பழுப்பும் உண்டு. ஒரே உத்தியோகம், இரண்டு யூனிஃபார்ம்! செம்பழுப்பு ஆணுக்கும் அதே கறுப்புத் தலை, அதே நீள வால். முதுகும் வாலும் மட்டும் இலவங்கப்பட்டை நிறம். பெண் பறவையும் செம்பழுப்புதான். அதற்குத் தொண்டை சாம்பல் நிறம், வால் சாதாரண நீளம்.

இதைவிட சுவாரஸ்யம், வால் உடனே கிடைத்து விடாது என்பது. இளம் ஆண் பார்ப்பதற்குக் கிட்டத்தட்டப் பெண் மாதிரியே இருக்கும். நீள வால் முளைக்க இரண்டாவது அல்லது மூன்றாவது வருஷம் ஆகும். அதாவது சரியான புரொபேஷன்! அதுவரைக்கும் குட்டை வாலோடு சீனியர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு ஈ பிடிக்க வேண்டியதுதான். 'வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷமாச்சு ஸார், இன்னும் கன்ஃபர்மேஷன் லெட்டர் வரலை' என்று புலம்புகிற நண்பர்கள் கவனிக்கவும்.

சரி, இவ்வளவு நீள வால் எதற்கு? நான் பி.காம். ஆசாமி. எதைப் பார்த்தாலும் வரவு, செலவு என்றுதான் புத்தி போகும். இந்த வாலை எந்த ஆடிட்டரும் அனுமதிக்க மாட்டார். வளர்க்கச் சத்து வேண்டும். தூக்கிக்கொண்டு பறக்கத் தெம்பு வேண்டும். புதரில் மாட்டும். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பருந்துக்கு விலாசம் கொடுக்கும். லாபம்?

இந்தக் கணக்கு இடிக்கிறதே என்று சார்லஸ் டார்வினே கஷ்டப்பட்டார். 1860-ல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், மயில் தோகையைப் பார்த்தாலே குமட்டுகிறது என்கிற ரீதியில் எழுதினார். (நல்லவேளை, அவர் விராலிமலைப் பக்கம் வரவில்லை!) பிறகு 1871-ல் வெளியிட்ட புத்தகத்தில் அவரே விடை சொன்னார். துணையைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் பெண். அதற்குப் பிடித்தது நிலைக்கிறது. 1975-ல் அமோட்ஸ் ஸஹாவி என்கிற இஸ்ரேல் விஞ்ஞானி இன்னும் ஒரு படி போனார். வால் ஒரு பாரம், அதனால்தான் அது நம்பகமான விளம்பரம் என்றார். இவ்வளவு சுமையைத் தூக்கிக்கொண்டும் உயிரோடு இருக்கிறேன் பார், என்னிடம் தெம்பு இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி. சம்பளத்தில் பாதியை பைக்குக்குத் தவணை கட்டிவிட்டு, மீதியில் மாசம் முழுக்கத் தயிர்சாதம் சாப்பிடும் இளைஞர்களின் தத்துவமும் ஏறக்குறைய இதுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம். கல்யாணத்துக்குப் பிறகு இந்தப் பறவை வாலை ஆட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போய்விடுவதில்லை. மெல்லிய புல், நார் வைத்துப் பின்னி, வெளியே சிலந்தி வலையால் பூசின ஒரு சின்னக் கிண்ணம் மாதிரிக் கூடு. மூன்று நான்கு முட்டை. அடைகாப்பதில் ஆணுக்கும் பங்கு உண்டு. கிண்ணத்துக்குள் அப்பா உட்கார்ந்திருப்பார், வால் மட்டும் வெளியே ஓர் அடிக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். கரிச்சான் குருவி கூடு கட்டியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இவையும் கூடு கட்டுவதுண்டு. கரிச்சான், காக்காயையே விரட்டியடிக்கும் ரௌடி. சம்பளம் இல்லாத செக்யூரிட்டி!

இந்தக் குடும்ப விஷயங்கள் எல்லாம் கோடையில், இமயமலைச் சாரலிலும், மத்திய இந்தியக் காடுகளிலும், நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமும் நடக்கும். புதுக்கோட்டைக்கு வருவது குளிர்கால லீவில்.

பெயர் விஷயத்திலும் கூத்து நடந்திருக்கிறது. 1758-ல் ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ் இதற்கு லத்தீனில் பெயர் வைத்தபோது, காக்கைக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார். 'இதுவா காக்கை?' என்று பின்னால் வந்தவர்கள் பிரித்து, ஈப்பிடிப்பான்களோடு சேர்த்தார்கள். இப்போது மரபணுவைப் பார்த்தவர்கள், இது மற்ற ஈப்பிடிப்பான்களுக்கு நெருங்கிய சொந்தம் இல்லை, கரிச்சான், காக்கை வகையறாக்களுக்குத்தான் பங்காளி என்கிறார்கள். இருநூற்றைம்பது வருஷம் சுற்றி, ஃபைல் பழைய மேஜைக்கே பக்கத்தில் வந்துவிட்டது. நம் ஆபீஸ்களில் நடக்காததா?

மத்தியப் பிரதேசத்தில் இது மாநிலப் பறவை. அங்கே தூத்ராஜ், அதாவது பால் ராஜா. இலங்கையில் சிங்களத்தில் வெள்ளை ஆணுக்குத் துணித் திருடன் என்று அர்த்தம் வருகிற பெயர், செம்பழுப்புக்குத் தீத் திருடன். யார் வீட்டுக் கொடியிலிருந்தோ வெள்ளை வேட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கிறதாம். எனக்கு இந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

* * *

கீரனூர்ப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிற என் கல்லூரி நண்பன் ஜனவரியில் போன் பண்ணினான். "மாப்ளே, உன் துணித் திருடன் இங்க ஒரு ஐயனார் காட்ல இருக்கான். லோன் வசூலுக்குப் போனப்போ பார்த்தேன். சனிக்கிழமை வந்துரு."

நார்த்தாமலையிலிருந்து உள்ளே போகிற ஒரு மண் ரோடு. ஊர் பெயர் வேண்டாம். ஏன் என்பது பிறகு தெரியும். இரண்டு பக்கமும் தைல மரம், தைல மரம், தைல மரம். எக்ஸர்ஸைஸ் நோட்டில் கோடு போட்ட மாதிரி வரிசை. நிழல் இருக்கிறது, ஆனால் குளிர்ச்சி இல்லை. சத்தமும் இல்லை. இரண்டு கிலோமீட்டரில் நான் கேட்ட ஒரே சத்தம் நண்பனின் மொபெட் சத்தம்தான்.

திடீரென்று அந்த வரிசை முடிந்து, இருட்டாக ஒரு திட்டு. அதுதான் ஐயனார் காடு. வாசலில் சுடுமண் குதிரைகள், சில கால் உடைந்து, சில புதுப் பெயின்ட்டில். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் ஏ.ஸி. ரூம் கதவைத் திறந்த மாதிரி இருந்தது. வீரை, பாலை, காசா, நாவல், புங்கை... கீழே சூரைப் புதர், கொடிகள். மரம் மேலே கூரை போட, புதர் கீழே சுவர் வைக்க, நடுவில் வெயில் காசு காசாக விழுகிறது. இங்கே சத்தத்துக்குப் பஞ்சமில்லை. தவிட்டுக் குருவிகள் பஞ்சாயத்து நடத்திக்கொண்டிருந்தன.

இப்படிக் கோயிலைச் சுற்றிக் காட்டை விட்டுவைக்கிற பழக்கம் இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் உண்டு. குளமங்கலத்தில் முப்பது அடிக்கும் உயரமான குதிரை நிற்கிற ஐயனார் கோயில்கூடக் காட்டுக்குள்தான். சட்டம் சிம்பிள். சாமி காட்டில் கிளை ஒடிக்கக்கூடாது, சுள்ளி பொறுக்கக்கூடாது. வேலி கிடையாது, கார்டு கிடையாது. பயம்தான் வேலி.

பூசாரி, எழுபதைத் தாண்டிய வேளார், குதிரை செய்கிற வம்சம். எங்களைப் பார்த்து, "என்ன தம்பி, படம் பிடிக்கிற ஆளா?" என்றார்.

"இல்லீங்க ஐயா. நீள வால் குருவி ஒண்ணு வந்திருக்காமே, பார்க்கலாம்னு..."

"அதுவா? காலைல தேடுனா அம்புடாது. நாலு மணிக்குக் குளிக்க வரும். அந்த ஊத்துக்கிட்ட சத்தம் போடாம உக்காருங்க."

குளிக்க வருமா! புத்தகத்தில் படித்திருக்கிறேன். பிற்பகலில் கிளையிலிருந்து நீரில் பாய்ந்து குளிக்கிற வழக்கம் இதற்கு உண்டு. புத்தகம் படிக்காத பெரியவர் நேரத்தோடு சொல்கிறார்.

ஊற்று என்றால் பெரிய குளமில்லை. இரண்டு பாறைக்கு நடுவே ஒரு அண்டா அளவு தண்ணீர், மேலே நாவல் கிளை. உட்கார்ந்தோம். கொசு எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தது. அது ஒருவிதத்தில் நல்ல சகுனம். கொசு, ஈ, அந்துப்பூச்சி இருந்தால்தானே ஈப்பிடிப்பான் வரும்?

மூன்றே முக்காலுக்கு ஒரு கரகரப்பான 'ஸ்க்ரீச்' சத்தம். இவ்வளவு அழகுக்கு இந்தக் குரலா என்றுதான் தோன்றும். இனப்பெருக்கக் காலத்தில் நல்ல பாட்டெல்லாம் பாடுமாம். லீவில் வந்த இடத்தில் எதற்குப் பாட வேண்டும்?

நாவல் கிளையில் வந்து உட்கார்ந்தது. கால் குட்டை, அதனால் நிமிர்ந்த உட்கார்வு. வால் கீழே கோடு போட்ட மாதிரி நின்றது. ஒரு பூச்சி போனது. கிளையிலிருந்து ஒரு சுழற்று, 'டக்'. அலகின் சத்தம் கேட்டது. அலகு அடியில் அகலம், சுற்றிலும் மீசை மாதிரி விறைத்த முடிகள். மறுபடி அதே கிளை.

அப்புறம் நேராகத் தண்ணீரில் பாய்ந்தது. தொப். மேலே. உடம்பைச் சிலிர்த்தது. மறுபடி தொப். வெள்ளை வால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போது துளிகள் வரிசையாக வாலோடு வந்தன. ஐந்து தடவை எண்ணினேன். ஆறாவது தடவை எண்ண மறந்து போனேன்.

நண்பன் காதில் கிசுகிசுத்தான். "மாப்ளே, இவனுக்கு லோன் குடுக்கலாம்டா."

* * *

திரும்பி வரும்போது கோயில் வாசலில் ஓர் இளைஞர் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். சிங்கப்பூரில் வேலை, லீவில் வந்தவர், விழாக் கமிட்டி. காட்டுக்குள்ளே புதரை எடுத்துவிட்டு, ஊற்று வரைக்கும் பேவர் பிளாக் போட்டு, ஒரு ஷெட், ஒரு பெரிய லைட். வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப் பையன்கள் பணம் சேர்த்துவிட்டார்கள். கல் வந்து ரோட்டோரம் இறங்கியாயிற்று.

"மரத்துல ஒண்ணக்கூடத் தொடமாட்டோம் ஸார். வெறும் புதரத்தான் எடுக்குறோம். போன திருவிழால ஒரு புள்ளயத் தேள் கொட்டிருச்சு. வயசானவுக உக்கார எடமில்ல. இது தப்பா?"

தப்பில்லை. தேள் கொட்டின குழந்தையின் அம்மாவிடம் போய்ப் பறவையின் வால் நீளத்தைச் சொல்ல முடியுமா?

பூசாரி மெதுவாகச் சொன்னார். "ஏப்பா, ஐயனாருக்கு ஏன் கூரை போடலைன்னு நெனச்சே? இந்தக் காடுதான் அவருக்குக் கூரை, சுவரு, எல்லாம். கீழ இருக்கறத வழிச்சுட்டா மேல இருக்கறது எத்தினி நாளைக்கு நிக்கும்? கஜா வந்தப்போ பாத்தியா இல்லையா?"

கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய புயல், புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் மாவும் வேரோடு சாய்ந்தன. அங்கே பலாவுக்கு ஊரில் பிள்ளைக்குக் கொடுக்கிற மரியாதை. வரிசை வரிசையாக விழுந்து கிடந்ததை யாரும் மறக்கவில்லை. "நம்ம காட்ல நாலே மரம்தான் விழுந்துச்சு. ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கிட்டு நின்னுச்சு" என்றார் பூசாரி.

நான் இடையில் புகுந்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்தப் பறவைக்கு அடர்ந்த பெருங்காடு தேவையில்லை. மேலே நிழல், நடுவே பறந்து பூச்சி பிடிக்க இடைவெளி, கீழே பூச்சி வளர்கிற புதரும் சருகும், பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர். இந்த நான்கில் மூன்று, தைல மரத் தோப்பில் கிடையாது. தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் 1974-ல் ஆரம்பித்ததிலிருந்து காகிதக் கூழுக்காக இந்த மாவட்டத்தில் தைல மரம் வளர்க்கிறது. மழைத் தண்ணீர் கண்மாய்க்கு வராமல் போகிறது என்று விவசாயிகள் வருஷக்கணக்கில் புகார் சொல்லி, கோர்ட் வரைக்கும் போயிருக்கிறார்கள். அந்தப் பெரிய வழக்கு எப்படியோ போகட்டும். அதன் நடுவில் மிச்சமிருக்கிற இந்தச் சின்னத் திட்டுகள்தான், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வருகிற பறவைகளுக்கு லாட்ஜ். லாட்ஜில் கட்டிலை எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டால் யார் தங்குவார்கள்?

"அப்ப தேளு?" என்றார் இளைஞர், விடாமல்.

"கல்லை வாசல்ல போடுங்க தம்பி. குதிரைக்கு வெளியே எவ்வளவு பொட்டல் இருக்கு! ஷெட்டும் அங்கேயே. லைட்டைத் திருவிழா அன்னிக்கு மட்டும் போடுங்க. ஊற்றுக்கு ஓர் ஒற்றையடிப் பாதை போதும்."

அவர் பதில் சொல்லவில்லை. டேப்பைச் சுருட்டினார். "அந்தக் குருவி இன்னும் இருக்கா ஸார்?" என்று கேட்டு, ஊற்றுப் பக்கம் போனார். பத்து நிமிஷம் கழித்து மொபைலோடு வந்தார். வீடியோவில் வெள்ளையாக ஒரு கோடு ஆடியது, அவ்வளவுதான். ஊர்ப் பையன்கள் குரூப்பில் போட்டாராம். அதற்குள் துபாயிலிருந்து ஒருத்தர் எழுதியிருந்தார்: 'டேய், சின்ன வயசுல நாம இத வேட்டி குருவின்னு தொரத்துவோமே... இன்னும் வருதா?'

இளைஞர் அதை இரண்டு தடவை படித்தார். "கமிட்டில பேசணும் ஸார்" என்றார்.

கமிட்டி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது என்று நண்பன் சொல்கிறான். கல் ரோட்டோரத்திலேயே இருக்கிறது. எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. ஊர் பெயரை எழுதாததற்கு இதுதான் காரணம். முடிவு அவர்களுடையது. நாம் போய்க் கூட்டம் கூட்டிக் கெடுக்க வேண்டாம்.

* * *

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்தக் காட்டைத் தேட வேண்டிய அவசியமில்லை. குளிர்காலத்தில் நிழலும் தண்ணீரும் உள்ள எந்த இடத்திலும் அகப்படும். நார்த்தாமலை அடிவாரம், சித்தன்னவாசல் பக்கம், பழைய மாந்தோப்பு, ஏன், உங்கள் ஆபீஸ் காம்பவுண்டில் ஆலமரம் இருந்தால் அங்கேயும் பாருங்கள். புதுக்கோட்டையிலிருந்து நார்த்தாமலை பதினைந்து, பதினாறு கிலோமீட்டர். தொப்பி, தண்ணீர் பாட்டில் போதும். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பொறுமை. மாலை வேளையில் ஒரு நீர்நிலை ஓரம் வாயை மூடிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார வேண்டும். கல்யாணமான நண்பர்களுக்கு இதில் நல்ல பயிற்சி இருக்கும்.

ஜனவரியில் பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பதினைந்து நிமிஷம் பார்த்து, என்ன பறவை, எத்தனை என்று எழுதினால் போதும். யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆபீஸில் வருஷம் பூராவும் யார் யார் கணக்கையோ எழுதுகிறோமே, இதையும் ஒரு தடவை எழுதலாம்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரிக்குள் போய்விடுங்கள். மார்ச் வந்துவிட்டால் நமக்கு லீவு கிடைக்காது. அதுவும் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடும். அதற்கும் அப்போதுதான் இயர் எண்டிங்!